இழுக்காத புகைபோக்கி

புகை வந்ததில் ஆச்சரியம் இல்லை. இரண்டு நாளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்று விட்டு விட்டு வந்தது. குளிர்காய விறகு எரிக்கும் கணப்பின் இரும்புக் கதவுக்கு மேலிருந்த இடுக்கிலிருந்து கொஞ்சம் வெளியே வரும், நிற்கும், உள்ளே போகும், மறுபடி வரும். கரியும் ஈர விறகும் கலந்த நாற்றம் திரைச்சீலை, சோபா உறை, அவன் சட்டைக் காலர் என்று எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் மலைப் பனிமூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் செத்துவிட்டது.

அவன் குந்தி உட்கார்ந்து கணப்பை முறைத்தான். ஊரில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜ் அவன் கை பட்டுத்தான் ஓடுகிறது. கம்ப்ரஸர் முனகுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். இந்தப் பெட்டியில் மோட்டார் உண்டா, ஒயர் உண்டா? ஒரு மண்ணும் கிடையாது. தீ எரிய வேண்டும், புகை மேலே போக வேண்டும். அதற்கே இந்தப் பாடு படுத்துகிறது.

காய்ந்த விறகாகப் பார்த்து மாற்றினான். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைக்குழாய்க்குள் நீட்டிச் சூடேற்றிப் பார்த்தான். குழாயை அடைக்கும் தகட்டை முழுசாகத் திறந்துவிட்டான். காலையில் புகைபோக்கிக்காரர் கூரை மேல் ஏறி, நீளத் துடைப்பத்தை விட்டுத் தேய்த்து, ஒரு வாளி கரியோடு இறங்கி, இனி அடைப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடைப்பு இல்லை. புகை மட்டும் இருக்கிறது.

உள்ளறையில் சுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள். நிமோனியாவோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து முந்தாநாள்தான் வீடு வந்தாள். குளிர் படக்கூடாது, புகை படக்கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். குளிருக்கு அவன் அன்றைக்கே வழி செய்துவிட்டான். ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து எல்லா ஜன்னலிலும், வாசல் கதவைச் சுற்றியும் ஒட்டினான். சமையலறை, குளியலறைத் துவாரங்களின் மேல் டேப். எறும்பு நுழைய வழியில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த அந்த வேலையில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மருந்துக்கடையிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"சரியாச்சா?"

"ஆகிட்டே இருக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஊரான் வீட்டு வேலைன்னா ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுக்கறீங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, அவளை எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நீ வர்றதுக்குள்ள எரியும். வந்து பாரு."

வைத்த கையோடு புகைபோக்கிக்காரரைக் கூப்பிட்டான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜன்னல் எல்லாம் எப்படி இருக்கு சார்?" என்றார்.

"கச்சிதமா அடைச்சிருக்கேன்."

"அப்புறம் எப்படி இழுக்கும்? மேல போற காத்துக்கு ஈடா உள்ள காத்து வரணும்ல. ஏதாவது ஒரு ஜன்னலை ரெண்டு விரல் திறந்து விடுங்க."

"கொழந்தைக்குக் குளிர் ஆகாதுங்க."

"எங்கேருந்தாவது அது எடுத்துத்தான் ஆகணும் சார்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை ஜன்னலையும் அடைத்தவன் அவன். இப்போது திறப்பதாம். கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உள்ளறையிலிருந்து சுண்டு இருமும் சத்தம் கேட்டது. விறகு கிளறும் கம்பியை எடுத்துக் குழாயின் மேல் ஓங்கி அடித்தான்.

"எரி சனியனே. எங்கேருந்து வேணாலும் எடுத்துக்கோ. எரிஞ்சு தொலை."

புகை நின்றது.

இடுக்கில் தொங்கிய கடைசிக் கீற்றும் உள்ளே போயிற்று. விறகின் ஓரத்தில் சிவப்பு ஓடியது, நிமிர்ந்தது, குழாய்க்குள் ஹோவென்று இரைச்சல் கிளம்பியது. அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தனியாகச் சிரித்தான். முழங்காலில் சூடு பட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாக வீடு வீடாக இருந்தது. சுண்டுவின் இருமலும் நின்றிருந்தது.

தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா? காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு காகிதத் திரியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைக் கூடத்து ஜன்னலோரம் பிடித்தான். நேராக மேலே போயிற்று. வாசல் கதவிலும் அப்படியே. சமையலறை, குளியலறை, எங்கும் அசைவில்லை. நடைவழிக்கு வந்தான். புகை சட்டென்று சாய்ந்து, அவன் மணிக்கட்டைத் தாண்டிக் கணப்பை நோக்கி ஓடியது.

சுண்டுவின் அறைக் கதவின் அடியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலில் பட்டை விட்டுப்போயிருக்கிறது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கதவைத் திறந்தான்.

ஜன்னல் பட்டை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. திரை ஆடவில்லை. காற்று மட்டும் அவன் முகத்தில் பட்டது. அது குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. இருமல் மருந்து வாசனை அடித்தது.

திரியை நீட்டினான். சுவரில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. தலையணைப் பக்கம்.

சுண்டு மல்லாந்து படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு வெளியே வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவன் காத்திருந்தான். மார்பு தாழ்ந்துகொண்டே போயிற்று. ஒரு முறைகூட ஏறவில்லை.

கையால் அவள் வாயைப் பொத்தினான். கூடத்தில் இரைச்சல் அடங்கியது. கையை எடுத்தான். திரும்பவும் ஹோவென்றது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஜன்னலுக்குத் தாவிப் பட்டையைப் பிய்த்தான். வரவில்லை. நகம்தான் பிய்ந்தது. அவனே ஒட்டியது. திரும்பி ஓடி வந்து அவள் முகத்தின் மேல் குனிந்தான்.

"அவ வேண்டாம். கொழந்தை அது. என்கிட்ட எடுத்துக்கோ."

சுண்டுவின் நெஞ்சு விம்மி ஏறியது. உள்ளே ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு மூச்சை இழுத்தான்.

இழுக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. மூச்சு வெளியே போயிற்று. நிற்காமல் போயிற்று.

வாசல் கதவு திறந்த சத்தம். மூடிய சத்தம். ரப்பர் பட்டை பொருந்துமாறு மனைவி காலால் அழுத்தி மூடினாள்.

"அடேயப்பா, என்ன சூடு. நிஜமாவே சரி பண்ணிட்டீங்களே." மனைவியின் குரலில் சிரிப்பு இருந்தது. "எங்க இருக்கீங்க? கை விறைச்சுப்போச்சு. இன்னும் நாலு கட்டை வைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லக் காற்று இல்லை. கட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. இரைச்சல் கூடியது. அவன் ஒருவனிடம் இருந்த மூச்சு கணப்புக்குப் போதவில்லை.

அவன் முகத்துக்கு நேர் கீழே, தூக்கத்திலேயே, சுண்டுவின் உதடுகள் மறுபடி மெல்லப் பிரிந்தன.