அந்தக் குழந்தை அழுததா?

சங்கிலியும் மரச்சுத்தியலும் கனத்த பையோடு அவள் வானொலி நிலையத்தின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. நாடகங்களுக்கு ஓசை கொடுப்பது அவள் வேலை. காலடியா, மழையா, கண்ணாடி உடைவதா, எல்லாம் அவள் கைவண்ணம். அதனால் எல்லோருக்கும் அவள் ஓசையக்கா.

அன்றைக்கு நேரடி ஒலிபரப்பு. பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று நூறு வருஷத்துக்கு முன்பு ஒருத்தியைத் தூக்கில் போட்ட வழக்குதான் நாடகம். வக்கீல்கள் இருவரும் நாள்கணக்கில் மல்லுக்கட்டியது ஒரே கேள்விக்காக: பிறந்த குழந்தை அழுததா? அழுதிருந்தால் கொலை. இல்லையென்றால் அது செத்தே பிறந்தது. பெற்றவளை மட்டும் யாரும் பேச விடவில்லை.

"அரசு வக்கீல் 'ஊரே கேட்டது'ன்னு சொன்னதும் பொம்மைய அமுக்குங்கக்கா. குழந்தை வீல்னு அழணும்," என்றார் இயக்குநர்.

"அப்போ நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடாதா சார்?"

"கேக்கிறவங்களுக்கு நெஞ்சு பதறணும்க்கா. நாடகம் எடுபட வேண்டாமா?"

அவள் சங்கிலியையும், அமுக்கினால் அழும் ரப்பர் பொம்மையையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். போன வருஷம் அவள் பெற்ற பிள்ளையும் அழவில்லை. வேறு பெற்றுக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்க ஒரு நாதியில்லை. பாழாய்ப்போன வயிற்றுப்பாடு, இப்போது அவள் கையாலேயே அந்த அழுகையைச் செய்யச் சொல்கிறது.

சிவப்பு விளக்கு எரிந்தது. நடிகர்கள் படித்து முடித்த தாள்களைச் சரசரப்பு கேட்காமல் தரைவிரிப்பில் நழுவவிட்டபடி வாதாடினார்கள்.

"அந்தக் குழந்தை அழுததை ஊரே கேட்டது!"

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரின் விரல் நீண்டது. அவள் பொம்மையை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினாள். காற்றுகூட வரவில்லை.

எங்கிருந்தோ பால் நனைந்து புளித்த துணியின் வாடை அடித்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். குடிக்க வாயில்லாமல் சுரந்த பாலின் வாடை.

மேசையில் கிடந்த சங்கிலி மெல்ல நகர்ந்தது.

ஆள் நிற்காத கடைசி மைக்கில் ஒரு பெண்குரல் கேட்டது.

"அழலைங்க... எம்புள்ள அழவே இல்லைங்க."

அரசு வக்கீலாக நடித்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இயக்குநர் கண்ணாடியைத் தட்டி, பொம்மையைக் காட்டிக் கையை ஆட்டினார்.

அவள் பொம்மையைக் கீழே வைத்தாள். தன் மைக்கை நெருங்கினாள். ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும்மா," என்றாள். "அழலை. எனக்குத் தெரியும்."

கடைசி மைக்கில் தேம்பல் வெடித்தது. ஒலிபரப்பு பாதியில் நின்றது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு அவள் மைக்குகளின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினாள்.

மேசைமேல் கிடந்த ஹெட்ஃபோனில் ஏதோ முணுமுணுப்பு.

எடுத்துக் காதில் வைத்தாள். அதே குரல். மடியில் போட்டு ஆட்டுகிறவளின் மெல்லிய தாலாட்டு. வரிக்கு வரி ஒரு செல்லப்பெயர் சொல்லிக் கொஞ்சியது.

அந்தப் பெயரைத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு அவள் மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். கணவனிடம்கூட அதைச் சொன்னதில்லை.