இடம் மாறிய இரண்டு எண்கள்

1997 ஆகஸ்ட் 12, காலை 9.40. கணபதிப் பகுதியில் திருமலைசாமியின் மோட்டார் பட்டறை. புது மாடலில் சோதனைக்கு ஓட்டிய மூன்றாவது மோட்டாரும் கருகிப்போனது.

மோட்டாரின் இருபத்துநான்கு ஸ்லாட்டுகளில், அதாவது கம்பி அமரும் பள்ளங்களில், எத்தனை சுற்றுக் கம்பி என்று சுற்றும் இயந்திரத்துக்கு எண் வரிசை கொடுத்தவள் பிரவீனா. அவள் தாளில் முதல் இரண்டு எண்கள் 52, 48. கணினியில் 48, 52.

“யாரோ மாத்திப்போட்டாங்க சார்.”

“ஒரு எண்ணை மாத்துனாலும் அந்தச் சரிபார்க்கற ஹாஷ் நம்பர் மாறும்னு நீங்கதானுங்க அம்மணி சொன்னீங்க? முதல் தேதி நானே எழுதிப் பெட்டியில பூட்டுனேன். இன்னைக்கும் அதே நம்பர்தானுங்க வருது. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க” என்றார் முதலாளி திருமலைசாமி.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க.”

கணினியைத் தொடுபவர்கள் வேறு இரண்டே பேர். இயந்திரத்தை நிறுவ வந்த சென்னைக்காரர் தம்பிதுரை. அவளோடு படித்த, அவளே சிபாரிசு செய்து சேர்த்த சாய்குமார்.

“நீங்க ஊட்டுக்குப் போங்க பிரவீனா. எனக்கு அந்த மெட்ராஸ்காரர் மேலதானுங்க சந்தேகம்” என்று டீயை நீட்டினான் சாய்குமார்.

11.15. பெட்டியிலிருந்த சீட்டுகளைக் கேட்டு வாங்கினாள். ஜூலையில் பழைய மாடலுக்குப் பத்து இலக்க எண். ஆகஸ்டில் வெறும் 1200. இருபத்துநான்கு எண்களையும் கூட்டிப் பார்த்தாள். சரியாக 1200.

11.40. ஹாஷ் எண்ணைக் கணக்கிடத் தான் எழுதிய நிரலைத் திறந்தாள். முந்தைய விடையை 31ஆல் பெருக்கி அடுத்த எண்ணைக் கூட்ட வேண்டும். 52, 48 என்றால் 1660. 48, 52 என்றால் 1540. இப்போது பெருக்கலைக் காணோம். வெறும் கூட்டலில் எப்படி மாற்றிப் போட்டாலும் நூறுதான். திருத்திய தேதி ஜூலை 30. அந்த ஒற்றை வரியை இரண்டாம் முறை படித்தவள், அதிலிருந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டாள்.

மாலை 4.00. எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒரு சொல்லை எழுதி நீட்டினாள்.

“இது என்னங்க, தம்பிதுரை சார்?”

“ஊடு? ஊடுபயிரா?”

“ஸ்லாட்டுக்கு நான் இங்கிலீஷ் எழுத்துல ‘வீடு’ன்னு பேரு வெச்சிருந்தேன், தாயக்கட்டம் மாதிரி. நிரல் முழுக்க ‘வீடு’தான். மாத்தி அடிச்ச வரியில மட்டும் ‘ஊடு’. நம்ம பக்கத்துல வீட்டை ஊடுன்னு பேசற மாதிரியே கை அடிச்சுப்போட்டது. முதலாளிக்கு நிரல் தெரியாது. தம்பிதுரை சாருக்கு ஊடுன்னா என்னன்னே தெரியல. மிச்சம் நீங்கதானுங்க, சாய்குமார்.”

சாய்குமார் அவளுடைய நாற்காலியின் முதுகைத் தொட்டான்.

“உங்க நாற்காலியில ஒரு நாளாச்சும் உக்காரணும்னு இருந்துச்சுங்க.”

“கேட்டிருந்தா நவுந்து உக்காந்திருப்பேனே.”

“மன்னிச்சுப்போடுங்க அம்மணி” என்றார் திருமலைசாமி. அவள் காதில் விழவில்லை. திரையில் நிரலின் முதல் வரி தெரிந்தது. எழுதியவர்கள்: பிரவீனா, சாய்குமார். ஒரு வரிகூட எழுதாதவன் பெயரை, நண்பன் என்று அவளேதான் சேர்த்திருந்தாள்.