மண்ணின் பங்கு

"அக்கா, மண்ணு முட்டை தின்னுமா?" என்று ரெமிகியோ போன வருடம் ஒருநாள் கேட்டான். அக்கா வழிகாட்டியாகப் போகும் சுற்றுலா வண்டியை ஓட்ட வந்த புதிது. எட்டெல்வினா குழியில் வைத்த முட்டைமேல் மண்ணைத் தள்ளி மூடினாள். அவளுக்கென்று இருப்பது இந்த ஒரே தம்பி. அவனுக்குச் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போயிருந்தாள்.

இன்று விடியலில் பயணிகளின் காலை உணவுக்காக வெந்நீர் ஊற்றுக்குள் முட்டை வலையை வேக இறக்கியிருந்தாள். முதலில் எடுப்பது மண்ணுக்கு. ஊற்றின் வாயோரம் படையலாகக் கோக்கா இலையோடு அதைப் புதைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அதற்குள் பயணிகள் எல்லைக் கல்வரிசையைத் தாண்டிப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். கத்திக் கத்தி அவர்களைத் திருப்பி அழைத்து வந்தால், தம்பி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது உனக்கில்லடா."

"ஏன், அதுல பேரு போட்டிருந்துச்சா?"

"வேற எதைச் சொன்னாலும் கேக்க மாட்டே. இதையாவது கேட்டிருக்கலாம்."

"பசிச்சுதுக்கா. மண்ணுக்கு நாளைக்குச் சேத்துக் குடு."

அவசரமாக வேறொரு முட்டையை எடுத்துப் புதைத்தாள். ஊற்று அதை வெளியே தள்ளியது. மறுபடி புதைத்தாள். மறுபடி தள்ளியது. பிறகு, கந்தக நெடியோடு மலையடிவாரம் முழுக்கச் சீறிக்கொண்டிருந்த அத்தனை ஊற்றுகளும், யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காக மூச்சை அடக்கியது போல, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

"அவ்வளவுதானா? இதுக்கா இருட்டுல எழுப்புனீங்க?" என்றார் ஒரு பயணி.

அவள் எல்லோரையும் வண்டியில் ஏற்றினாள். இறக்கத்தில் ஜன்னல்கள் மூடியிருந்தும் கந்தகம் நாறியது. கண்ணாடியில் ஆவி படிந்தது, ரெமிகியோவின் முன்னால் மட்டும். பாறை முயல்கள் வளைக்கு வெளியே ஒன்றுகூட இல்லை.

களக். களக்.

என்ஜின் என்று நினைத்தாள். ஈரப்புல்வெளி அருகே ரெமிகியோ வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. அவன் வயிற்றிலிருந்து வந்தது.

"ரெமி, என்னடா பண்ணுது? சொல்லித் தொலை."

வெளியே மேய்ந்துகொண்டிருந்த விக்குன்யாக்கள், திமிலில்லாத அந்தச் சின்ன மலை ஒட்டகங்கள், நீண்ட கழுத்தைத் திருப்பி நின்றன. பயணிகளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன.

அவன் கதவைத் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். சுட்டது. அவளுடைய உள்ளங்கைத் தோல் அவன் சட்டையோடு ஒட்டிக்கொண்டு போனது.

மலையைப் பார்த்து நடந்தான். விக்குன்யாக்கள் விலகி வழிவிட்டன. உறைந்த புல்லில் அவன் கால் பட்ட ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் கொதித்தது. பின்னால் யாரோ படம் எடுத்தார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பாமல், மண்ணின் பங்கை வயிற்றில் சுமந்தபடி ஊற்றுகளை நோக்கி ஏறினான்.