கழுவக் கூடாத பூட்ஸ்

மைதானத்துக் கட்டடத்தின் பின்வாசலில் கேப்டனின் மகள் வந்து நின்றபோது, பாலிஷ் அண்ணன் பழைய வலைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. கொடுக்க மனமில்லாதவள் போல அதை மார்போடு அணைத்திருந்தாள்.

"மாமா, அப்பாவோட பூட்ஸ். நாளைக்கு நினைவு அறையைத் திறக்கிற வரைக்கும் உங்க பொறுப்பு. அந்தச் சேறு மட்டும்..."

"எனக்குத் தெரியாதாம்மா? தொடவே மாட்டேன்."

"உங்களை நம்பித்தான் கொடுக்கறேன். உங்க கிளப் செயலாளரை நம்பி நான் ஒரு சாக்ஸ்கூடக் கொடுக்க மாட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். அவள் போன பிறகு அவர் பையைச் சலவை அறை அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

கேப்டன் நாட்டுக்காகக் கால்பந்து ஆடிய காலம் முழுக்க அவருடைய பூட்ஸைத் துடைத்தவர் இவர்தான். பெயரே அதனால் வந்தது. சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டாள். முதல் ஆட்டத்தில் பயத்தில் பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கப் பார்த்த பையன், பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் எதிரணி இரண்டு பேரைக் காவலுக்கு விடவேண்டிய ஆட்டக்காரனாக வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர். கடைசி ஆட்டம் வெளிநாட்டில், கொட்டும் மழையில் நடந்தது. முடியப்போகும் நேரத்தில் கேப்டன் கோல் போட்டார். போட்ட வேகத்தில் விழுந்தார். முழங்கால் போயிற்று. அதன் பிறகு வலது காலை இழுத்தே நடந்தார். எந்த மைதானத்திலும் இறங்கவில்லை.

அன்றைய பூட்ஸை மட்டும் அவர் கழுவ விடவில்லை. "விடுடா பாலிஷு. என் ஆட்டம் அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார். கன்னங்கரேலென்ற அந்தச் சேறு காய்ந்து, அவர் சாகும்வரை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

மறுநாள் காலை பாலிஷ் அண்ணன் பையைத் திறந்து பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டார். வெறுமனே பார்க்கத்தான். போனில் யாரோ அனுப்பியிருந்த, அந்தக் கடைசி ஆட்டத்தின் வர்ணனையைப் போட்டுவிட்டார். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். அண்ணனின் மனம் மைதானத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி விசில் கேட்டது. ஆட்டம் முடிந்தால் பூட்ஸ் கைக்கு வரும். வந்தால் கை என்ன செய்யுமோ, அதைச் செய்தது. மொட்டைக் கத்தியால் அடிக்குமிழ்களுக்கு இடையே சுரண்டியது. தண்ணீரில் முக்கியது. பிரஷ் போட்டுத் தேய்த்தது.

வாளித் தண்ணீர் கறுத்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

பூட்ஸ் புதிது போலப் பளபளத்தது. அப்போதே அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எந்த முகத்தோடு பேசுவது? யாராவது பார்ப்பதற்குள் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து செம்மண்ணை அள்ளி வந்து, கறுப்புப் பாலிஷைக் கலந்து குழைத்துப் பூசினார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நன்றாகவே பூசினார். கைப்பழக்கம் ஆயிற்றே.

அப்போதுதான் நடைவழியில் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

பூட்ஸின் குமிழ்கள் சிமெண்டில் பதியும் சத்தம். அதன் பின்னாலேயே ஒரு இழுப்பு.

டக். சர்ர்ர்...

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அன்று ஆட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அறைக்குள் மழையில் நனைந்த மண்ணின் வாடை வந்தது. கூடவே முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி.

சத்தம் கதவருகே வந்து நின்றது. அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாலிஷு..."

காதோரம் ஈரக்காற்றாக வந்தது குரல்.

"என்னத்தடா கழுவின?"

அவர் கண்ணைத் திறந்து திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை.

சாயந்திரம் நினைவு அறை நிரம்பியது. செயலாளர் ரிப்பன் வெட்டினார். மகள் நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் வந்து, கம்பி போட்ட காற்றுத் துளையருகே குனிந்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"பாலிஷ் வாசனை வருதே மாமா?"

"என் கைல இருந்து வருதும்மா. இந்த ஜென்மத்துல போகாது."

"அதானே" என்று சிரித்து, அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அப்பா வீட்டுக்கு வரும்போதும் இந்த வாசனைதான் வரும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

விளக்கை அணைத்துச் சுவரில் படம் ஓட்டினார்கள். கேப்டனின் முதல் ஆட்டம், கோப்பையோடு தோளில் தூக்கிச் சுற்றிய ஊர்வலம், கடைசியாக அந்த மழை. இருபத்திரண்டு பேரும் உச்சிமுதல் பாதம்வரை சேறாகி, யார் எந்த அணி என்றே தெரியாத ஆட்டம்.

கேப்டன் ஓடி வந்தார். சட்டையில் சேறு. முகத்தில் சேறு.

பூட்ஸ் மட்டும் பளபளத்தது.

அந்தச் சகதியில் மிதித்து மிதித்து ஓடியும் ஒரு பொட்டு ஒட்டவில்லை. கோல் விழுந்தது. கேப்டன் விழுந்தார். கூட்டம் கைதட்டியது, ஒருவரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். இருட்டில் அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின.

"மாமா," என்று கிசுகிசுத்தாள், "அப்பா காலைப் பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"நான் கழுவிட்டேம்மா."

வாளி, பிரஷ், செம்மண், பாலிஷ் என்று எல்லாவற்றையும் தலையை நிமிர்த்தாமலே சொல்லி முடித்தார். அவள் அவர் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கழுவினதுக்கு ஒரு நாள் பூரா அழுதுட்டு விட்டிருப்பேன் மாமா. பழக்கதோஷம்னு எனக்குத் தெரியாதா? பொய்ச் சேத்தைப் பூசிட்டு, அந்தக் கையை என் கன்னத்துல வைக்கவிட்டீங்களே."

கூட்டம் கலைந்ததும் அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஈரத்துணியால் தானே அந்தச் செம்மண்ணைத் துடைத்தெடுத்தாள். வெறும் பூட்ஸை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"இப்படியே இருக்கட்டும். சேறு எங்கேன்னு வர்றவங்க கேட்பாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலிருந்து பழைய ஆட்டக்காரர்கள்வரை கேட்கிறவர்களிடமெல்லாம், நான்தான் கழுவினேன், அதற்குமேல் பொய்யும் பூசினேன் என்று கூனிக் குறுகிச் சொல்கிறார். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை.

இந்த வாரம் ஒரு காலையில் அறையைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டி பூட்டியபடி இருந்தது. பூட்ஸும் அதற்குள் இருந்தது. தரையில் மட்டும் ஈரம் காயாத கரிய சேறு. குமிழ்கள் அழுத்தமாகப் பதிந்த ஓர் இடது காலின் தடம். அதன் பக்கத்தில், இழுத்துக்கொண்டு வந்த ஒரு வலது காலின் கோடு.

சலவை அறையிலிருந்து புறப்பட்ட தடம் அவருடைய நாற்காலிவரை வந்திருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.