கைக்கோயில்

பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தாராளமாக நுழைந்து வந்த சந்து, இப்போது கூடை மட்டும்கூட நுழையாத அளவுக்குக் குறுகியிருந்தது. தபீதாள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ராத்திரி பூராவும் பிள்ளை தூங்கவிடவில்லை, அதுதான், வேறென்ன.

செம்பாக்கம் ஏரிக்கரையில் சபையார் தொண்ணூற்றொன்றில் கட்டிய கோயில் அது. பூமிக்குள்ளிருந்து இரண்டு கைகள் கிளம்பி எதையோ ஏந்தி நிற்பதுபோல வெறும் காங்கிரீட்டில் வார்த்திருந்தார்கள்; கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது, விரலுக்கும் விரலுக்கும் நடுவே விட்ட சந்துதான் வாசல், அதுதான் வெளிச்சம். தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சனம் வாயைப் பிளந்து பார்த்தது. தபீதாள் மட்டும் அந்தச் சுவரில் ஓடும் கைரேகைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்ன செய்வது, இந்தச் சனிக்கிழமை பூ வைப்பது அவள் முறை. பால்குடி மறக்காத மகனை வெளியே புருஷன் வில்பிரட்டிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பூவை வைத்ததும் வாய் தானாக ஜெபித்தது. "உம்முடைய கரங்களுக்குள்ள எங்கள மூடி மறைச்சுக்கொள்ளும், ஆண்டவரே." பிறந்ததிலிருந்து சொல்லும் ஜெபம். அர்த்தம் பார்த்தா சொல்கிறோம்? சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான் சந்து குறுகியிருந்ததைப் பார்த்தாள்.

சிமென்ட் வாடை போய் வேர்வை வாடை அடித்தது. சுவரில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தலைக்கு மேலே, கல்லுக்குள், யாரோ சொடக்கு எடுக்கிற சத்தம்.

ஓடினாள். தோள் நுழையவில்லை. "ஆண்டவரே, என்னை விட்டுடும், என் பிள்ளைகிட்ட போகணும்" என்று கதறினாள்.

வெளியே பிள்ளை வீறிட்டது. வில்பிரட் அதைத் தட்டிக்கொடுத்தான். "அழாதடா செல்லம். அம்மா பாரத்தோட ஜெபம் பண்றா. நடுவுல கூப்பிடக் கூடாது."

பாவி மனுஷன். கதறாமல் ஜெபிக்கிறவர் அந்தச் சபையில் யார், அவன்தான் என்ன கண்டான்! பிள்ளையை இறக்கிவிட்டு, கண்ணை மூடி அவனும் முழங்கால் போட்டான்.

சந்து ஒரு சாண். அரைச் சாண்.

பிள்ளை தவழ்ந்து வந்தது. கையை உள்ளே நீட்டியது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தக் கையை வெளியே தள்ளினாள். விடவில்லை. உதறினாள். விடவில்லை.

"கண்ணைத் திறந்து பாருங்களேன்" என்று புருஷனைப் பார்த்து அலறினாள்.

"ஆமென்" என்றான் வில்பிரட், கண்ணைத் திறக்காமல்.

சந்து மூடிக்கொண்டது. இருட்டு. அவள் விரலைப் பிடித்த குட்டிக் கை இன்னும் விடவில்லை.