இரண்டு மதி, இரண்டு சாட்டம்

ஜெபமலருக்குக் காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள், வாசலுக்கு ஓடினாள், மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். கையில் திரவியம் மாமா எழுதிக் கொடுத்த தாள் கசங்கிக்கொண்டிருந்தது.

"எங்கள் அன்னை அமைதியின் திருவுருவம். அதிர்ந்து ஒரு சொல் பேசி அறியாதவர்."

அதிர்ந்து பேசாதவரா? அம்மா இங்கிருந்து கூப்பிட்டால் கரமனை ஆற்றின் அக்கரையில் குளிப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பாரே!

அம்மா இறந்து இன்றோடு ஒரு வருடம். சர்ச்சில் நினைவு ஜெபம். இந்தத் தாளை எல்லார் முன்னாலும் ஜெபமலர்தான் படிக்க வேண்டும்.

"அப்பா, இதுல இருக்கிறது நம்ம அம்மா மாதிரியே இல்லப்பா."

"மாமா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வருடமாக அவர் இப்படித்தான்.

ஜெபமலருக்கு யாரிடமும் சொல்லாத ஒரு பயம் இருந்தது. கொஞ்ச நாளாக, அம்மா சிரிப்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடினால், சுவரில் மாட்டிய போட்டோவில் வாயை இறுக மூடியிருக்கும் அம்மாதான் வருகிறார். இந்தத் தாளையும் படித்துவிட்டால் அந்த அம்மா மட்டுமே மிச்சமாகிவிடுவாரோ?

ஜெபமலரின் அம்மா ஸ்டெல்லாபாய் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சர். அங்கே வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிப்பார்கள். வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்தே கொட்டும். அதற்கு அம்மா ஒரு சட்டம் போட்டார்.

"தமிழ் பேசும்போது மலையாளம் வந்துட்டா யாரும் சிரிக்கப்பிடாது. சொன்ன ஆளு எழும்பி ஒரு சாட்டம்!"

"டீச்சர், சாட்டமே மலையாளம்! தமிழ்ல குதி!" என்று கத்தினாள் ஜெபமலர். ஞாயிறு பள்ளியில் அவளுக்கும் அம்மா டீச்சர்தான்.

அவ்வளவுதான். டீச்சர் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார். சத்தம் கேட்டுப் போதகர் ஓடி வந்தார்.

"பிள்ளைகளுக்குத் தண்டனையா டீச்சர்?"

"தண்டனை இல்ல ஐயா. அடுத்த வீட்டுச் சொல்லு நம்ம வீட்டுக்கு விருந்து வந்திருக்கு. எழும்பி வரவேற்கண்டாமா?"

அன்றிலிருந்து ஞாயிறு பள்ளியில் தூங்கி விழுந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஆனால் இன்றைக்குத் திரவியம் மாமா சர்ச் வாசலிலேயே நின்று பிள்ளைகளை மடக்கினார். அவர் அம்மாவின் அண்ணன். தூய தமிழில் அவருக்கு ரொம்பப் பெருமை. "இது நினைவுக் கூட்டம். குதியாட்டம் எல்லாம் கூடாது. ஆடாம அசையாம நின்னு சொல்லணும், கேட்டியளா?"

முதலில் மேடையேறியவள் பொன்செல்வி. இரண்டாம் வகுப்பு. கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். மூன்று வரிகளை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள்.

"டீச்சர் எனக்கு எழுத்து சொல்லித் தந்தாங்க. டீச்சர் எனக்குப் பாட்டு சொல்லித் தந்தாங்க. நான் வெயில்ல நடந்து வந்தா டீச்சர் எனக்கு... எனக்கு... வெள்ளம் தந்தாங்க."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பாவம், தண்ணீர் என்றுதான் சொல்ல வந்தாள்.

"வெள்ளமா? அப்போ வீட்டுக்குத் தோணியிலயா போன பிள்ளே?" என்றார் பின்வரிசையில் ஒருவர். கூடமே சிரித்தது.

பொன்செல்வியின் குதிகால் பழக்கத்தில் மேலே எழும்பியது. மாமாவைப் பார்த்தாள். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குதிகால் இறங்கிவிட்டது. குதிக்கவும் முடியாமல் இறங்கி ஓடவும் முடியாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஜெபமலருக்கு நெஞ்சு எரிந்தது. அம்மா இருந்திருந்தால் ஒருவரையாவது சிரிக்க விட்டிருப்பாரா? தாளை நாற்காலியில் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். பொன்செல்வியின் கையைப் பிடித்தாள்.

"வா, ரெண்டு பேரும் சேர்ந்து."

"மாமா திட்டுவாங்கக்கா..."

"திட்டட்டும். ஒண்ணு, ரெண்டு..."

டொம்!

மரமேடை அதிர்ந்தது. சிரிப்பு நின்றது. ஜெபமலர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். சத்தமாகப் பேசினாள்.

"எங்க அம்மா அமைதியானவங்க இல்ல. சத்தமாத்தான் பேசுவாங்க. பாட்டும் சத்தமாத்தான் பாடுவாங்க. அடுத்த வீட்டுச் சொல்லு விருந்து வந்தா அதப் பாத்து சிரிக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க. எழும்பிக் குதிக்கச் சொல்லுவாங்க. அவங்களும் குதிப்பாங்க. குதிச்சுட்டு, மூச்சு வாங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு..."

சொல்லச் சொல்ல அம்மா வந்துவிட்டார். போட்டோ அம்மா இல்லை. வாயைப் பெரிதாகத் திறந்து, ஓரத்துத் தெற்றுப்பல் தெரிய, கண்ணில் நீர் வர...

"சிரிப்பாங்க!" என்றாள் ஜெபமலர். அவளுக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் வந்தது.

பின்வரிசைக்காரர் எழுந்தார். "பொறுத்துக்கோ மக்களே, நான் சிரிச்சது தப்பு" என்று பொன்செல்வியிடம் சொன்னார்.

அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் எழுந்தார். அப்பா! அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஸ்டெல்லாவோட ஓர்மை இல்லாம... ஒரு நாள்கூட எனக்குப் போகல."

கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பொன்செல்வி மட்டும் அப்பாவைப் பார்த்து மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மாமா, ஓர்மை மலையாளம். தமிழ்ல நினைவு."

அப்பா அவளைப் பார்த்தார். ஜெபமலரைப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே குதித்தார். சட்டைப் பையிலிருந்து செல்போன் விழுந்தது, சில்லறை விழுந்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. கன்னமெல்லாம் கண்ணீர் வழிய அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜெபமலர் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் பிள்ளைகளை யார் பிடிப்பது? எல்லாரும் மேடையேறினார்கள். டொம், டொம் என்று ஒரே அமர்க்களம்.

திரவியம் மாமா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மதி! மதி! எல்லாரும் இருங்க!"

சட்டென்று எல்லாரும் நின்றார்கள். தமிழில் மதி என்றால் நிலா. மாமா ஒன்றும் நிலாவைக் கூப்பிடவில்லை. மலையாளத்தில் மதி என்றால் போதும்.

பிள்ளைகள் அத்தனை பேரும் மாமாவின் காலையே பார்த்தார்கள். போதகர்கூட எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மதி, மாமா" என்றாள் ஜெபமலர்.

திரவியம் மாமா அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.