குரோடா சென்செய் வகுப்பில் ஒரு ப்ராக்ஸி

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குச் சேதுபதி போகவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே, வந்ததற்கு அடையாளமான பச்சை வட்டம் இருந்தது.

போகவில்லை என்பதில் சந்தேகமே கிடையாது. அந்த நேரத்தில் அவன் சவூதியில், யான்பு கேம்ப்பின் நூற்றுப் பதினாலாம் அறையில், கீழ்க்கட்டிலில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். சுத்திகரிப்பு ஆலையில் அவனுக்கு டைம் கீப்பர் வேலை. முந்நூறு பேர் வந்தார்களா வரவில்லையா என்று இரவு முழுக்கக் குறித்துவிட்டுக் காலையில் வந்து விழுகிறவன். ஜப்பானில் மாலை ஐந்தரை என்றால் இங்கே முற்பகல் பதினொன்றரை. வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சும். உள்ளே, நைட் ட்யூட்டிக்காரர்கள் தூங்குவதற்காக ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்ததால், நடு இரவு.

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மாணவர் என்றொரு ஏற்பாடு உண்டு. மாணவர் என்பார்கள், பட்டம் தர மாட்டார்கள். ஒரு பேராசிரியர் பார்வையில் சில மாதம் இருந்து, அவருக்கு மனம் இரங்கினால் நுழைவுத் தேர்வு எழுதி முதுகலைக்குள் நுழையலாம். சேதுபதிக்கு வாய்த்த சென்செய், அதாவது வாத்தியார், வடக்கே ஒரு பனி ஊரில் இருந்த குரோடா. விசாக் காகிதம் வரும்வரை ஆன்லைனில் உட்காரலாம் என்று அனுமதித்திருந்தார். நிபந்தனை ஒன்றுதான். பதினைந்து வகுப்பில் பத்துக்காவது வந்திருக்க வேண்டும். சேதுபதி ஏற்கெனவே ஐந்தைத் தூங்கித் தீர்த்திருந்தான். இது ஆறாவது. இதோடு ஜப்பான் போயிற்று, ஆயுசுக்கும் முந்நூறு பேரை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் பக்கத்தைத் திறந்தான்.

பச்சை வட்டம்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டிருப்பான். பரமக்குடியிலிருந்து போய் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ புண்ணியவான் அவனுக்குப் பதிலாக ஆஜர் சொல்லி ப்ராக்ஸி கொடுத்திருக்கிறான். வகுப்பில் அவனைத் தவிர ஐந்து பேர். யாரென்று கேட்பது ப்ராக்ஸி தர்மத்துக்கு அடுக்காது. மாணவர்களின் சாட் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டான். ‘மிக்க நன்றி. முடிந்தால் அடுத்த செவ்வாயும்.’

யாரும் பதில் போடவில்லை. படித்தவர்கள் எண்ணிக்கை மட்டும், ஐந்துக்குப் பதில், ஆறு என்று காட்டியது.

அடுத்த செவ்வாய் அலாரமே வைக்காமல் தூங்கினான். வட்டம். அதற்கடுத்த செவ்வாயும் வட்டம், கூடவே குரோடாவிடமிருந்து இரண்டு வரி. ‘இன்று நீங்கள் பேசியது மிக நன்று. உங்கள் ஜப்பானிய மொழி நம்ப முடியாத அளவு முன்னேறியிருக்கிறது. கேமராவைப் போட்டதற்கும் நன்றி.’

கேம்ப் மெஸ்ஸில் சமையல் பார்க்கும் கௌஸ் முகைதீன்தான் இப்போது அறையில் கூட இருப்பவர். மற்ற இரண்டு பேரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள்.

“பாய், எனக்குப் பதிலா எவனோ க்ளாஸ்ல உக்காந்து பேசிருக்கான்.”

“நல்லதுதானப்பா. ட்யூட்டிக்கும் வருவானான்னு கேளு.”

“கேமராவப் போட்டுப் பேசிருக்கான் பாய். என் பேர்ல.”

“அப்ப உன் மூஞ்சிய விட லட்சணமா இருந்திருக்கும். அதான் வாத்தியாரு சந்தோசப்படுறாரு.” கீழக்கரைக்காரர் வெங்காய வாசனையோடு கொட்டாவி விட்டார். “எப்படியோ போய்ச் சேருப்பா. இங்க கெடந்து என்னத்தக் காணப் போற.”

மறுநாள் முற்பகல், பாய் மெஸ்ஸுக்குப் போன பிறகு, சேதுபதி அந்த வகுப்பின் வீடியோப் பதிவைத் திறந்தான். ஏசி ஒரு பழைய நோயாளியைப் போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, நடுநடுவே வாளியில் ஒரு சொட்டு வடித்தது. ஈரத் துண்டும் கருவாடும் ஃபினாயிலும் கலந்த வாடை, குளிரில் கெட்டிப்பட்டு, முகத்துக்கு நேரே தொங்கியது. அலுமினியத் தாளில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்றின் வழியே வந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் வெள்ளைப் புள்ளியாக நின்றது.

திரையில் ஏழு கட்டங்கள். அவன் பெயர் போட்ட கட்டத்தில் தெரிந்தது இந்த அறைதான். இதே மேசை. பின்னால் கொடியில் பாயின் இதே கட்டம் போட்ட கைலி. எதிர்ச் சுவரில் அதே வெள்ளைப் புள்ளி.

நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். அவனுடைய நீலச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தான். “சேதுபதி சான்” என்று குரோடா அழைத்ததும், “ஹை” என்று ஜப்பானிய வழக்கப்படி ஆஜர் சொன்னான். கூச்சமில்லாத, நன்றாகத் தூங்கி எழுந்தவனின் குரல்.

அவனுக்குப் பின்னால் கீழ்க்கட்டிலில் சேதுபதி தூங்கிக்கொண்டிருந்தான்.

இருபதாவது நிமிடத்தில் கட்டிலிலிருந்து குறட்டை கேட்டது. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். நாற்காலியில் இருந்தவன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். எழுந்து போனான். தூங்குகிறவனின் தாடையை இரண்டு விரலால் மேலே தள்ளி, வாயை மூடினான். உதடுகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். குறட்டை நின்றது. திரும்பி வந்து, விட்ட வாக்கியத்தை அதே இடத்தில் தொடர்ந்தான்.

சேதுபதி நாக்கால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகியிருந்தது. இரண்டு நாளாக அதை வாய்ப்புண் என்று நினைத்திருந்தான்.

யாரிடம் சொல்வது? சொன்னால் மூன்று வட்டமும் அழியும். ஐந்தும் மூன்றும் எட்டு. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வரும் செவ்வாய் வகுப்பில், பாஸ்போர்ட்டை முகத்தருகே பிடித்துக் காட்டி, ஆள் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். அன்றே விசாக் காகிதம் அனுப்பப்படும்.

ஆள் நான்தானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான்தான் முழித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய் காலை ட்யூட்டி முடிந்து வந்ததும் பாலில்லாத சுலைமானி டீ மூன்று கிளாஸ் குடித்தான். பனிக்கட்டியை வாளியில் போட்டு முகத்தை முக்கி எடுத்தான். கதவைத் தாழிட்டான். நீலச் சட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளைச் சட்டை அணிந்தான். பத்தே முக்காலிலிருந்து நாற்காலியில், முதுகு சாயாமல், கையில் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தான். கண் எரிந்தது. ஏசி இழுத்தது. வாளியில் சொட்டு. எண்ணிக்கொண்டே இருந்தான். இருநூற்றுப் பத்துவரை எண்ணியது நினைவிருக்கிறது. தூங்கவில்லை. கண்ணை மூடக்கூட இல்லை.

பதினொன்றரை. சேர் என்ற பொத்தானை அழுத்தினான்.

‘சேதுபதி ஏற்கெனவே வகுப்பில் இருக்கிறார்’ என்றது திரை.

கட்டங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் கட்டம். இந்த அறை. வெள்ளைச் சட்டை. முகத்தருகே பாஸ்போர்ட்.

நல்லது, என்று நினைத்தான். நான்தான்.

கையைப் பார்த்தான். கை காலியாக இருந்தது.

வலது கையைத் தூக்கினான். திரையில் நாற்காலியில் இருந்தவன் தூக்கவில்லை. பின்னால், கட்டிலில், போர்வைக்கு வெளியே ஒரு கை எழுந்தது.

இறக்கினான். அது இறங்கியது.

“பின்னால் யாரோ இருக்கிறாரே?” குரோடா கேட்டார்.

“அறையில் கூட இருப்பவர், சென்செய். இரவு வேலை செய்கிறவர். தூங்குவார்.” அழகான ஜப்பானிய மொழி. “மன்னியுங்கள். இனித் தொந்தரவு இருக்காது.”

“ஹை” என்று கத்தினான் சேதுபதி. “ஹை. ஹை. நான்தான்.” கட்டிலில் கிடந்ததன் வாய் திறந்து மூடியது. வகுப்பில் யாரும் திரும்பவில்லை.

“சரியாக இருக்கிறது” என்றார் குரோடா. “வாழ்த்துகள், சேதுபதி சான்.” ஐந்து பேரும் கைதட்டினார்கள். கேமராவுக்காகச் சின்னதாக, நெஞ்சுக்கு நேரே.

நாற்காலியில் இருந்தவன் எழுந்தான். திரும்பினான். கட்டிலை நோக்கி வந்தான். சேதுபதியின் கைக்கு நாற்காலியின் கைப்பிடி அகப்படவில்லை. முதுகுக்குக் கீழே மெத்தையின் பள்ளம். காலடிச் சத்தம். பிறகு போர்வை. முகத்துக்கு மேல் இழுத்து, இரு பக்கமும் செருகி, ஒரு தட்டு தட்டியது ஒரு கை.

தாழ் திறந்தது. வெங்காய வாசனை.

“என்னப்பா, ஆச்சா?” பாயின் குரல்.

“ஆச்சு பாய். பேப்பர் அனுப்பிருவாங்க.”

“அடி சக்க. மெஸ்ல இன்னைக்கு உனக்கு ஒரு துண்டு மட்டன் கூட.” குரல் நெருங்கியது. “கட்டில்ல யாரு?”

“தெரியல பாய். புதுசா வந்த ஆளு போல. தூங்கிட்டே இருக்கான்.”

“தூங்கட்டும், பாவம்.”

கௌஸ் பாய் கட்டிலில் உட்கார்ந்தார். சரியாக நெஞ்சின் மேல். எண்பது கிலோ. கம்பிகள் கிரீச்சிட்டன, அந்த இரைச்சலில் விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் தனியாகக் கேட்கவில்லை. ஷூ நாடாவை நிதானமாக அவிழ்த்துக்கொண்டே, ஜப்பானில் பச்சை மீனைத் தின்பார்களாமே, உனக்கு ஒத்துக்குமா என்று விசாரித்தார். ஒத்துக்கும் பாய், என்றது சேதுபதியின் குரல். போர்வைக்கு அடியில் ஒரு வாய் காற்றுக்காகத் திறந்தது. பாய், பேச்சு சுவாரஸ்யத்தில், இன்னும் கொஞ்சம் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.